134 தோல்விகள் - கிளீவ்லாந்து சிலந்திகளின் கதை

அமெரிக்காவில் ஏதாவது ஒரு பேஸ்பால் அணி தொடர்ந்து தோற்க ஆரம்பித்தால் போதும், யாராவது ஒருவர் கிளீவ்லாந்து ஸ்பைடர்ஸ் அணியின் பெயரை இழுத்துவிடுவார். 1962-ல் நியூயார்க் மெட்ஸ் 120 ஆட்டங்களில் தோற்றபோதும் இழுத்தார்கள். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று, இருபதாம் நூற்றாண்டுக்குப் பிந்தைய சாதனையை(!) தன் பெயரில் எழுதிக்கொண்டபோதும் இழுத்தார்கள். ஆனால் ஸ்பைடர்ஸை யாரும் நெருங்கக்கூட முடியவில்லை. 1899-ஆம் ஆண்டு அந்த அணி ஆடியது 154 ஆட்டங்கள். வென்றது 20. தோற்றது 134.

இந்த எண்களை மட்டும் பார்ப்பவர்கள், ஏதோ விளையாடத் தெரியாதவர்கள் கூடி ஆரம்பித்த அணி போலிருக்கிறது என்று நினைக்கக்கூடும். உண்மை நேர் எதிரானது. அதற்கு முந்தைய வருடம் வரை நாட்டின் நல்ல அணிகளில் ஒன்று அது. ஆட்டக்காரர்கள் ஒல்லியாக, நீண்ட கைகால்களோடு இருந்ததால் 'சிலந்திகள்' என்று பெயர் வந்ததாம். 1895-ல் புகழ்பெற்ற பால்டிமோர் அணியைத் தோற்கடித்து டெம்பிள் கோப்பையை வாங்கியவர்கள். 1898-ல்கூட 81 வெற்றி, 68 தோல்வி. பன்னிரண்டு அணிகளில் ஐந்தாவது இடம்.

அந்த அணியில்தான் சை யங் இருந்தார். பேஸ்பாலில் பந்து வீசுபவரை 'பிட்சர்' என்பார்கள். ஒவ்வொரு வெற்றியும் ஒரு பிட்சரின் கணக்கில் எழுதப்படும். சை யங் தன் வாழ்நாளில் சேர்த்தது 511 வெற்றிகள். இன்றுவரை யாரும் தொடவில்லை, இனி தொடப்போவதும் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் சிறந்த பிட்சருக்குக் கொடுக்கும் விருதே அவர் பெயரில்தான் இருக்கிறது. அவரோடு ஜெஸ்ஸி பர்க்கெட், பாபி வாலஸ் என்று பின்னாளில் புகழ் மண்டபத்தில் இடம்பெற்ற இன்னும் இருவர். ஓர் ஊர் ரசிகனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

சரி, அப்படியானால் ஒரே வருடத்தில் என்னதான் நடந்தது?

அணியின் சொந்தக்காரர்கள் ஃபிராங்க் ராபிசன், ஸ்டான்லி ராபிசன் என்ற சகோதரர்கள். டிராம் வண்டித் தொழிலில் பணம் சம்பாதித்தவர்கள். 1891-ல் லீக் பார்க் மைதானத்தைத் தங்கள் டிராம் பாதையை ஒட்டியே கட்டினார் ஃபிராங்க். ஆட்டம் பார்க்க வருபவன் டிராமுக்கும் காசு கொடுக்க வேண்டும், மைதானத்துக்கும் காசு கொடுக்க வேண்டும். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் எதிர்பார்த்த கூட்டம் வரவில்லை. அதற்கு முக்கியமான காரணம் ஞாயிற்றுக்கிழமை. அக்காலத் தொழிலாளிக்கு வாரத்தில் கிடைத்த ஒரே விடுமுறை அன்றுதான். கிளீவ்லாந்திலோ ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் சட்டப்படி குற்றம். 1897-ல் துணிந்து ஆடிப் பார்த்தார்கள், போலீஸ் வந்து ஆட்டக்காரர்களைக் கைது செய்தது. 1898-ல் சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய பல ஆட்டங்களை ராபிசன் வெளியூர்களுக்கு மாற்றினார். ஊர்க்காரர்களுக்கும் முதலாளிக்கும் இடையே கசப்பு அப்போதே தொடங்கிவிட்டது.

இந்த நேரத்தில் செயின்ட் லூயிஸ் நகர அணி ஏலத்துக்கு வந்தது. அதன் உரிமையாளர் கிறிஸ் வான் டெர் ஆ, 1898-ல் மைதானம் தீப்பிடித்ததிலும் வழக்குகளிலும் கடனிலும் மூழ்கிப்போனவர். அந்த அணி அந்த வருடம் 39 வெற்றி, 111 தோல்வியோடு கடைசி இடம். ஆனால் செயின்ட் லூயிஸ் பெரிய ஊர். அங்கே ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குத் தடையில்லை. ராபிசன் சகோதரர்கள் அந்த அணியையும் கைப்பற்றினார்கள். கிளீவ்லாந்து அணியை விற்கவும் இல்லை. ஒரே லீகில், ஒன்றையொன்று எதிர்த்து ஆட வேண்டிய இரண்டு அணிகளுக்கு ஒரே முதலாளி! இன்று கேட்டால் சிரிப்பு வரும். அன்றைய நேஷனல் லீகில் இது சகஜமாக இருந்தது. புரூக்ளினும் பால்டிமோரும் அப்படித்தான் ஒரே கூட்டத்தின் கையில் இருந்தன. பால்டிமோரின் சிறந்த ஆட்டக்காரர்கள் பலரை அழைத்துக்கொண்டுபோன புரூக்ளின்தான் 1899-ல் சாம்பியன்.

அடுத்து ராபிசன்கள் செய்ததை ஊகிப்பது கடினமில்லை. சை யங், பர்க்கெட், வாலஸ், மேனேஜர் பாட்ஸி டெபோ உட்பட கிளீவ்லாந்தின் நல்ல ஆட்டக்காரர்கள் அத்தனை பேரையும் செயின்ட் லூயிஸுக்கு அனுப்பினார்கள். அந்த அணிக்கு 'பெர்ஃபெக்டோஸ்' என்று புதுப் பெயரும் சூட்டினார்கள். அதற்குப் பதிலாகக் கிளீவ்லாந்துக்கு வந்தவர்கள், முந்தைய வருடம் 111 ஆட்டங்களில் தோற்ற அணியில் மிச்சமிருந்தவர்கள். கிளீவ்லாந்தைக் கவனித்துக்கொள்ள வந்த ஸ்டான்லி, அந்த அணியை ஒரு துணைக்காட்சி போலத்தான் நடத்தப்போவதாக வெளிப்படையாகவே சொன்னார். சர்க்கஸில் பெரிய கூடாரத்துக்கு வெளியே சின்னதாக ஒன்று போட்டிருப்பார்களே, அந்த மாதிரி.

ஏப்ரல் 15-ஆம் தேதி முதல் ஆட்டம். அட்டவணையின் குறும்பைப் பாருங்கள், எதிரணி செயின்ட் லூயிஸ்! தங்கள் பழைய ஆட்டக்காரர்களிடமே சிலந்திகள் 10-1 என்று தோற்றார்கள்.

கிளீவ்லாந்து ரசிகர்கள் கோபத்தைக் காட்டிய விதம் ஒன்றே ஒன்றுதான். கல்லெறியவில்லை, கலாட்டா செய்யவில்லை. மைதானத்துக்குப் போகவில்லை, அவ்வளவுதான். அந்த வருடம் சொந்த மைதானத்தில் நடந்த 42 ஆட்டங்களுக்கும் சேர்த்து வந்தவர்கள் 6,088 பேர். ஓர் ஆட்டத்துக்கு சராசரி 145. ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரக்கூடிய இடத்தில் 145 பேர் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? நகரப் பத்திரிகைகள் 'ஸ்பைடர்ஸ்' என்று எழுதுவதையே குறைத்துக்கொண்டு, 'எக்ஸைல்ஸ்', 'மிஸ்ஃபிட்ஸ்' என்றெல்லாம் கிண்டலாக எழுத ஆரம்பித்தன. தோற்கும் அணிக்கு ரசிகனாக இருப்பதில் உள்ள நன்மைகளை ஒரு விளையாட்டு நிருபர் பட்டியலிட்டார். தோல்வி தூக்கத்தைக் கெடுக்காது, எப்போதாவது ஜெயித்தால் அது எதிர்பாராத இன்பம் என்கிற ரீதியில் போகும் அந்தப் பட்டியல். படிக்க வேடிக்கைதான். ஆனால் நான்கு வருடங்களுக்கு முன்பு கோப்பை வாங்கிய ஊர்க்காரர்கள் அதைப் படித்து எவ்வளவு சிரித்திருப்பார்கள் என்பது சந்தேகமே.

இருந்தவர்களில் உருப்படியானவர் லேவ் கிராஸ். மூன்றாவது பேஸில் நின்று ஆடிக்கொண்டே மேனேஜராகவும் இருந்தார். அவர் தலைமையில் 8 வெற்றி, 30 தோல்வி. இந்த லட்சணத்தில் ஆடியவருக்கு என்ன தண்டனை? செயின்ட் லூயிஸுக்கு இடமாற்றம், அதாவது பதவி உயர்வு! ஓரளவு நன்றாகப் பந்து வீசிய வில்லி சட்ஹாஃபையும் கூடவே கொண்டுபோய்விட்டார்கள். இதுதான் ரசிகர்களை உண்மையில் வெறுக்கவைத்திருக்க வேண்டும். மோசமான அணியைக் கொடுத்தது போதாதென்று, அதில் ஒருவன் கொஞ்சம் தலையெடுத்தாலும் அவனையும் பிடுங்கிக்கொள்கிறார்கள் என்றால், எதை நம்பி டிக்கெட் வாங்குவது?

கிராஸுக்குப் பிறகு மேனேஜரானவர் ஆஸ்திரேலியாவில் பிறந்த ஜோ க்வின். ஆட்டமில்லாத மாதங்களில் அவர் செய்த தொழில், இறந்தவர்களை அடக்கம் செய்வது. கதையில் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்பார்கள், ஆனால் நிஜம். அவர் தலைமையில் 12 வெற்றி, 104 தோல்வி.

கூட்டம் இல்லாததால் இன்னொரு சிக்கல் முளைத்தது. டிக்கெட் வசூலில் வந்தாடும் அணிக்கும் பங்கு உண்டு. 145 பேர் கொடுக்கும் காசில் கிடைக்கும் பங்கு, ரயில் கட்டணத்துக்கும் ஹோட்டல் செலவுக்கும் போதவில்லை. எனவே மற்ற அணிகள் கிளீவ்லாந்துக்கு வரவே மறுத்தன. சீசனின் பிற்பாதியில் சிலந்திகள் ஏறக்குறைய நாடோடிகளாக, ஊர் ஊராகப் போய்த் தோற்றுக்கொண்டிருந்தார்கள். மொத்தம் 112 ஆட்டங்கள் வெளியூரில். அதில் 101 தோல்வி. இப்போதைய அட்டவணையில் ஓர் அணி வெளியூரில் ஆடுவதே 81 ஆட்டங்கள்தான் என்பதால், இந்தச் சாதனையை முறியடிக்க யார் ஆசைப்பட்டாலும் முடியாது.

ஆகஸ்ட் 26 முதல் செப்டம்பர் 16 வரை தொடர்ச்சியாக 24 தோல்விகள். நேஷனல் லீகில் அதுவும் இன்றுவரை சாதனைதான். செப்டம்பர் 18-ல் வாஷிங்டனை எப்படியோ வென்றார்கள். அதன் பின் மிச்சமிருந்த 16 ஆட்டங்களிலும் தோல்வி. ஜிம் ஹூகி என்ற பிட்சர் 4 வெற்றி, 30 தோல்வியோடு சீசனை முடித்தார். அவரைக் குறை சொல்வது பாவம். அந்த அணிக்குப் பின்னால் நின்று யார் வீசியிருந்தாலும் அதே கதிதான். அணி எடுத்த ரன்கள் 529, கொடுத்த ரன்கள் 1,252. அதாவது சராசரியாக ஓர் ஆட்டத்துக்கு மூன்றரை எடுத்து எட்டுக்கு மேல் கொடுத்தார்கள். கடைசி இடத்தில் இருந்த அவர்களுக்கும் அதற்கு மேலே பதினோராவது இடத்தில் இருந்த அணிக்கும் இடையிலேயே 35 ஆட்ட இடைவெளி!

அக்டோபர் 15, சின்சினாட்டியில் கடைசி நாள். இரண்டு ஆட்டங்கள். இரண்டாவது ஆட்டத்தில் சிலந்திகளுக்காகப் பந்து வீசியவர் எடி கோல்ப் என்ற இளைஞர். அணி தங்கியிருந்த ஹோட்டலில் சுருட்டு விற்றுக்கொண்டிருந்தவர். ஒரு பெட்டி சுருட்டைக் கொடுத்து அந்த வாய்ப்பை வாங்கினார் என்று ஒரு கதை உண்டு. 19-3 என்று தோல்வி. கோல்ப் அதன் பிறகு பெரிய லீகில் ஆடவில்லை, அணியும் ஆடவில்லை. அன்றிரவு ஆட்டக்காரர்கள் கூடி, தங்களோடு ஊர் ஊராக அலைந்த அணியின் பயணச் செயலாளருக்கு வைரம் பதித்த லாக்கெட் ஒன்றைப் பரிசளித்தார்களாம். காரணம், அவர்களுடைய அத்தனை ஆட்டங்களையும் உட்கார்ந்து பார்க்கும் துர்ப்பாக்கியம் அந்த ஒருவருக்குத்தான் வாய்த்தது!

இத்தனை செய்தும் ராபிசன்கள் போட்ட கணக்கு பலிக்கவில்லை என்பதுதான் பெரிய கூத்து. இரண்டு அணிகளின் சத்தையும் ஒன்றாக்கிய செயின்ட் லூயிஸ் 84 வெற்றி, 67 தோல்வியோடு ஐந்தாவது இடத்தில் முடித்தது. முந்தைய வருடம் கிளீவ்லாந்து தன் சொந்த பலத்தில் பிடித்த அதே ஐந்தாவது இடம். (இந்த செயின்ட் லூயிஸ் அணிதான் 1900-ல் கார்டினல்ஸ் ஆனது.) அந்தக் குளிர்காலத்தில் நேஷனல் லீக் பன்னிரண்டு அணிகளை எட்டாகக் குறைத்தது. கிளீவ்லாந்து, பால்டிமோர், லூயிவில், வாஷிங்டன் நான்கும் நீக்கப்பட்டன. ஒருவரே இரண்டு அணிகளில் பங்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்துக்கு 1910-ல் லீக் தடை போட்டது.

நீக்கப்பட்ட ஊர்கள் சும்மா கிடக்கவில்லை. பான் ஜான்சன் என்பவர் தன் லீகைப் பெரிதாக்க இடம் தேடிக்கொண்டிருந்தார். 1900-ல் கிராண்ட் ராபிட்ஸ் அணியைக் கிளீவ்லாந்துக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே அந்த லீக், 'அமெரிக்கன் லீக்' என்ற பெயரில் நேஷனல் லீகுக்குச் சமமான போட்டியாக எழுந்து நின்றது. அதன் முதல் ஆட்டத்தில், 1901 ஏப்ரல் 24 அன்று சிகாகோவில், எதிரணியாக இறங்கியதே கிளீவ்லாந்துதான். புது அணி ஒன்றும் பிரமாதமாக ஆடிவிடவில்லை. 54 வெற்றி, 82 தோல்வி; எட்டில் ஏழாவது. ஆனாலும் அதே லீக் பார்க்குக்கு அந்த வருடம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். தோற்கும் அணியைப் பார்ப்பதில் அவர்களுக்கு எந்தச் சங்கடமும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஃபிராங்க் ராபிசன் 1908-ல் இறந்தார். அதற்கடுத்த வருடம், பாஸ்டனில் ஆடிக்கொண்டிருந்த சை யங்கைக் கிளீவ்லாந்து அணி விலைக்கு வாங்கியது. 42 வயதில் அவர் மறுபடி லீக் பார்க்கில் பந்து வீச இறங்கினார். 1891-ல் அந்த மைதானத்தின் முதல் ஆட்டத்தில் பந்து வீசியவரும் அவர்தான்.