59 பவுண்டில் நியூயார்க்: ஒரு மலிவு விலை விமானக் கம்பெனியின் பிறப்பும் இறப்பும்

1/ போன வாரம் பிரஷர் செக் பண்ண வந்த ஒரு தம்பி, கோவா போக டிக்கெட் போட்டிருப்பதை போனில் காட்டினார். "சார், ஏசி ஸ்லீப்பர் பஸ்ஸை விட ஃப்ளைட் கம்மியா இருக்கு. இவங்களுக்கு எப்படி கட்டுப்படியாகுது?" என்று கேட்டார். நல்ல கேள்வி. பிரஷர் நார்மல். ஆனால் பதில் கொஞ்சம் நீளம். அதனால இங்கே எழுதுறேன் மக்களே.

2/ இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் கதைதான் சரியான பதில். பெயர் ஃப்ரெடி லேக்கர். 1922ல் இங்கிலாந்தின் கேன்டர்பரியில் பிறந்தவர். பெரிய இடத்துப் பிள்ளை கிடையாது. பதின்வயதிலேயே விமானத் தொழிற்சாலை வேலைக்குப் போனவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பழைய விமானங்களையும் உதிரி பாகங்களையும் வாங்கி விற்க ஆரம்பித்தார்.

3/ 1948ல் சோவியத் யூனியன், மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்தது. ஒரு முழு நகரத்துக்கும் உணவும் நிலக்கரியும் வானத்தில்தான் போக வேண்டும். பறக்கிற நிலையில் இருந்த எல்லா விமானத்துக்கும் கிராக்கி. ஒரு நண்பரிடம் கடன் வாங்கி 12 பழைய விமானங்களை வாங்கி வைத்திருந்த லேக்கருக்கு லாட்டரி அடித்தது.

4/ இதில் கவனிக்க வேண்டியது இனிதான். 1949ல் முற்றுகை முடிந்தது. "இந்தக் கிராக்கி நிலைக்காது" என்று லேக்கருக்குப் புரிந்தது. பழைய விமானங்களை உடைத்து உலோகமாக விற்றார். எப்போது ஏற வேண்டும், எப்போது இறங்க வேண்டும் என்று தெரிந்த ஆள். இதை ஞாபகம் வச்சுக்கோங்க. பின்னால் தேவைப்படும்.

5/ அதே காலத்தில் இன்னொரு தொழில் முளைத்தது. 1950ல் விளாடிமிர் ரெய்ட்ஸ் என்பவர் லண்டனில் இருந்து கோர்சிகா தீவுக்கு ஆட்களை விமானத்தில் கூட்டிப்போனார். விமானம், கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 32 பவுண்டு 10 ஷில்லிங். நாம இன்னைக்கு பேக்கேஜ் டூர் என்று சொல்வதன் ஆரம்பம் அது.

6/ வருஷம் முழுக்க மழையிலும் குளிரிலும் வேலை பார்க்கிற பிரிட்டிஷ் தொழிலாளிக்கு, இரண்டு வாரம் ஸ்பெயின் வெயில் என்பது கனவு. பெரிய கம்பெனிகளின் டிக்கெட் விலையை அவர்களே சேர்ந்து பேசி வைத்திருந்தார்கள். அந்த விலை சாமானியனுக்கு எட்டாது. தங்குமிடத்தோடு சேர்த்து விற்கும் சார்ட்டர் விமானம்தான் அவனுக்குக் கிடைத்த ஒரே வழி.

7/ 1966ல் லேக்கர் தன் பெயரிலேயே லேக்கர் ஏர்வேஸ் தொடங்கினார். ஆரம்பத்தில் இரண்டு பழைய பிரிட்டானியா விமானங்கள். வேலை, விடுமுறைக்காரர்களை ஏற்றி இறக்குவது.

8/ விலையை எப்படிக் குறைத்தார்? மந்திரம் எதுவும் இல்லை.
ஒன்று: டூர் கம்பெனிகள் வருஷத்துக்கு இத்தனை மணி நேரம் என்று விமானத்தை முன்கூட்டியே பேசி எடுக்க வேண்டும். ஆகவே விமானம் சும்மா நிற்காது. தரையில் நிற்கும் விமானம் பணத்தைத் தின்னும்.
இரண்டு: தேவையில்லாத நேரத்தில் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டாமல் புறப்படுவது. எஞ்சின் தேய்மானம் குறையும்.
மூன்று: டூர் கம்பெனிகளையும் தானே வாங்கினார். ஆள் பிடிக்கும் வேலையும் கைக்குள் வந்தது.

9/ அடுத்து அட்லாண்டிக். அங்கே ஒரு விநோதமான சட்டம். சார்ட்டரில் மலிவாக அமெரிக்கா போக வேண்டுமென்றால் ஏதாவது ஒரு சங்கத்தில் ஆறு மாதமாவது உறுப்பினராக இருக்க வேண்டும். விளைவு? டிக்கெட்டுக்காகவே பேருக்கு சங்கங்கள் முளைத்தன. முன்தேதியிட்ட உறுப்பினர் அட்டைகள். அதைப் பிடிக்க விமான நிலையத்தில் அதிகாரிகள். பேத்தியைப் பார்க்கப் போகிற பாட்டிகூட பொய் சொல்லித்தான் விமானம் ஏற வேண்டிய நிலை.

10/ லேக்கருக்கு இது எரிச்சல். 1971ல் ஒரு யோசனையோடு விண்ணப்பித்தார். சங்கமும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம். ரயிலுக்குப் போகிற மாதிரி வா, டிக்கெட் வாங்கு, ஏறு. பெயரும் அப்படியே: ஸ்கைட்ரெயின், அதாவது வான ரயில்.

11/ 1972ல் உரிமம் கிடைத்தது. அட்லாண்டிக்கின் அந்தப் பக்கத்து அனுமதி இழுத்தடித்தது. 1975ல் பிரிட்டிஷ் அரசு கொள்கையை மாற்றி, ஸ்கைட்ரெயின் பறக்கக் கூடாது என்றது. அரசுக்கு சொந்தமான பிரிட்டிஷ் ஏர்வேஸ் அதே வழித்தடத்தில் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கவும்.

12/ லேக்கர் அரசின் மேல் வழக்குப் போட்டார். ஜெயித்தார். அரசு அப்பீல் போனது. அங்கேயும் ஜெயித்தார். டென்னிங் பிரபு இருந்த அமர்வு, அமைச்சர் தன் அதிகாரத்தை மீறிவிட்டார் என்றது. பிரிட்டனில் சட்டம் படிப்பவர்களுக்கு இன்றும் இது பாட வழக்கு.

13/ 1977 செப்டம்பர் 26. விண்ணப்பித்து ஆறு வருஷம் கழித்து, லண்டன் கேட்விக்கில் இருந்து நியூயார்க்குக்கு முதல் ஸ்கைட்ரெயின் கிளம்பியது. டிசி-10 விமானம், 345 இருக்கைகள். ஒரு வழிக்கு 59 பவுண்டு. மற்றவர்களின் சாதாரண கட்டணத்தில் அது பாதிகூட இல்லை. சாப்பாடு வேண்டுமா? தனியாக காசு கொடு. இன்னைக்கு நமக்குப் பழகிப்போன விஷயம். அன்னைக்கு அதிசயம்.

14/ 1978 கோடையில் டிக்கெட்டுக்காக ஜனங்கள் தெருவில் படுத்துக் கிடந்தார்கள். மாணவர்கள், கல்யாணமாகிப் போன மகளைப் பார்க்கத் துடிக்கும் பெற்றோர்கள், வாழ்க்கையில் முதல் முறை கடல் தாண்டுபவர்கள். அதே வருஷம் லேக்கருக்கு சர் பட்டம். லாஸ் ஏஞ்சலஸுக்கும் விமானம் போக ஆரம்பித்தது. ஆள் மக்களின் ஹீரோ.

15/ நாலு வருஷத்தில் கம்பெனி செத்துப்போனது. 1982 பிப்ரவரி 5. கடன் சுமார் 27 கோடி பவுண்டு. சுமார் 6,000 பயணிகள் நடுவழியில் நின்றார்கள்.

16/ இங்கே என் தொழில் வருகிறது. ஒருவர் இறந்தால் நாங்கள் எழுதும் சான்றிதழில் மரணக் காரணத்தை ஒரே வரியில் எழுத முடியாது. முதல் வரி, நேரடிக் காரணம். அடுத்து, அதற்கு இட்டுச்சென்றது. அதற்கும் கீழே, எல்லாவற்றுக்கும் அடிப்படை. பிறகு தனியாக, மரணத்துக்குத் துணை போன மற்ற நோய்கள். 80 வயதுப் பாட்டி நிமோனியாவில் இறந்தார் என்றால், முதல் வரி நிமோனியா, அடுத்தது படுத்த படுக்கை, அதற்குக் கீழே பாத்ரூமில் விழுந்து உடைந்த இடுப்பெலும்பு. சர்க்கரை நோய் துணைக் காரணம். லேக்கர் ஏர்வேஸுக்கும் அப்படி ஒன்று எழுதிப் பார்ப்போம்.

17/ நேரடிக் காரணம்: கையில் காசு தீர்ந்தது. அவகாசம் கொடுத்துக்கொண்டிருந்த வங்கிகள், போதும் என்று நிறுத்திக்கொண்டன. விமானக் கம்பெனிக்கு ரொக்கம்தான் ஆக்சிஜன். கோடிக்கணக்கில் சொத்து இருக்கலாம். நாளைய பெட்ரோலுக்கு காசில்லை என்றால் கதை முடிந்தது.

18/ அதற்கு இட்டுச்சென்றது: கடன் டாலரில், வருமானத்தில் பெரும்பகுதி பவுண்டில். 1980 கடைசியில் ஒரு பவுண்டு சுமார் 2.40 டாலர். 1981 இலையுதிர் காலத்தில் 1.90க்கும் கீழே. ஒரு கணக்குக்கு 10 கோடி டாலர் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.40 ரேட்டில் அது சுமார் 4.2 கோடி பவுண்டு. 1.85 ரேட்டில் சுமார் 5.4 கோடி. ஒரு புது விமானம்கூட வாங்காமல் கடன் கால்வாசிக்கு மேல் வீங்கிவிட்டது.

19/ அடிப்படைக் காரணம்: ஆசை. பெர்லினில் நேரம் பார்த்து இறங்கிய அதே மனிதர், இப்போது இறங்கவில்லை. கடன் வாங்கி மேலும் டிசி-10கள். ஐரோப்பாவுக்குள் ஓட்ட பத்து ஏர்பஸ் ஏ300களுக்கு ஆர்டர். வந்து சேர்ந்தவை மூன்றுதான். ஐரோப்பாவின் பல நகரங்களுக்கு வழித்தட அனுமதி கைக்கு வரும் முன்பே விமானம் ஆர்டர் ஆகியிருந்தது.

20/ துணைக் காரணங்கள்: 1979 மே மாதம் சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் டிசி-10 ஒன்று எஞ்சின் கழன்று விழுந்து நொறுங்கியது. 273 பேர் இறந்தார்கள். பராமரிப்பில் நடந்த தவறு என்று பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த ரக விமானம் அத்தனையும் அமெரிக்க வானில் ஐந்து வாரத்துக்கு மேல் பறக்கத் தடை. லேக்கரின் நியூயார்க் பிழைப்பே டிசி-10ஐ நம்பித்தான், அதுவும் கோடை சீசனில். கூடவே அதே வருஷம் எண்ணெய் விலை ஏற்றம், பின்னாலேயே பொருளாதார மந்தம்.

21/ இப்போது சிக்கலான பகுதி. 1981 கடைசியில் பான் ஆம், அட்லாண்டிக் கட்டணத்தை லேக்கரின் விலைக்கே இறக்கியது. பிரிட்டிஷ் ஏர்வேஸும் டிடபிள்யூஏவும் பின்தொடர்ந்தன. ஒரே விலை என்றால் பயணி யாரிடம் போவார்? சாப்பாடு தருகிற பெரிய கம்பெனியிடம்தான். ஜனங்களுக்குக் கோபம். "எங்க ஃப்ரெடியைக் கொன்னுட்டாங்க" என்று, மூழ்கிய கம்பெனிக்கு தங்கள் கைக்காசை அனுப்பினார்கள்.

22/ லேக்கரின் கடன்காரர்கள் சார்பில் அமெரிக்காவில் வழக்குப் போனது. பெரிய விமானக் கம்பெனிகள் கூடிப் பேசி இவரை ஒழித்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 1985ல் கோர்ட்டுக்கு வெளியே பணம் கொடுத்து முடித்துக்கொண்டார்கள். லேக்கருக்கு மட்டும் 80 லட்சம் டாலர். தீர்ப்பு என்று ஒன்று வரவேயில்லை.

23/ கொலையா, நோயா? எலும்பு தேய்ந்த பாட்டியை ஒருவன் தள்ளிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரோக்கியமான ஆள் என்றால் கையை ஊன்றி எழுந்திருப்பார். பாட்டி எழவில்லை. அதற்காகத் தள்ளியவன் நிரபராதி ஆகிவிட மாட்டான். அதேபோல், அவன் தள்ளினான் என்பதற்காக எலும்புத் தேய்மானம் இல்லை என்றும் ஆகாது. இரண்டும் உண்மை. சான்றிதழில் இரண்டையும் எழுத வேண்டும்.

24/ நம் உடம்பில் ஒவ்வொரு உறுப்பிலும் கையிருப்பு உண்டு. ஒரு சிறுநீரகத்தை தானம் கொடுத்துவிட்டு இன்னொன்றில் வாழலாம். அந்தக் கையிருப்பு தீர்ந்தவருக்கு சாதாரண காய்ச்சலே எமன். மலிவு விலை கம்பெனியின் பலவீனமும் அதுதான். டிக்கெட் விலையைக் குறைக்க எல்லாக் கொழுப்பையும் கரைக்கிறார்கள். நல்ல காலத்தில் அது திறமை. கெட்ட காலம் வந்தால் உள்ளே எரிக்க ஒன்றும் மிச்சம் இல்லை. லேக்கர் அந்த ஒல்லி உடம்பின் தலையில் மலை மாதிரி கடனையும் ஏற்றினார்.

25/ பயணிகள் என்ன ஆவார்கள்? 1974 ஆகஸ்ட்டில் கோர்ட் லைன் என்ற இன்னொரு பிரிட்டிஷ் விடுமுறை விமானக் கம்பெனி சீசன் நடுவில் மூழ்கி, பல்லாயிரம் பேர் வெளிநாட்டில் மாட்டினார்கள். அதன்பின் பிரிட்டன் சட்டம் போட்டுத் தனி நிதி ஏற்படுத்தியது. 2017ல் மோனார்க், 2019ல் தாமஸ் குக் விழுந்தபோது அரசு விமானங்களை வாடகைக்கு எடுத்து மக்களைத் திருப்பிக் கூட்டி வந்தது. தாமஸ் குக்கில் மட்டும் சுமார் 1,50,000 பேர். ஆனால் அந்த நிதியின் பாதுகாப்பு முக்கியமாக பேக்கேஜாக எடுத்தவர்களுக்குத்தான். கம்பெனியிடம் நேரடியாக டிக்கெட் மட்டும் வாங்கியவர், கடன்காரர் வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியதுதான்.

26/ லேக்கர் தோற்றாரா? 1984ல் ரிச்சர்ட் பிரான்சன் வர்ஜின் அட்லாண்டிக் தொடங்கியபோது லேக்கரிடம் ஆலோசனை கேட்டார். பின்னால் தன் ஜம்போ விமானம் ஒன்றுக்கு லேக்கர் பெயரையே வைத்தார். 2006ல் லேக்கர் காலமானார். அவர் கம்பெனி பிழைக்கவில்லை. ஆனால் கடல் தாண்டுவது பணக்காரர்களுக்கு மட்டும் இல்லை என்ற எண்ணம் பிழைத்துவிட்டது.

27/ ஆகவே தம்பி, "எப்படி கட்டுப்படியாகுது" என்று கேட்டீங்களே. இருக்கை நிறைகிற வரைக்கும், எண்ணெய் விலை ஏறாத வரைக்கும், கடன் வளராத வரைக்கும் கட்டுப்படியாகும். சந்தோஷமா கோவா போய்ட்டு வாங்க. ஆனா ஒரு வருஷம் கழிச்சுப் போற பயணத்துக்கு இன்னைக்கே முழுப் பணம் கட்டச் சொன்னா, அந்தக் கம்பெனியோட உடம்பு எப்படி இருக்குன்னு ஒரு தடவை விசாரிச்சுக்கோங்க.

28/ அப்படியே நம்ம வீட்டுக் கணக்கையும். மாசச் சம்பளம் மொத்தமும் இ.எம்.ஐ.க்குப் போகுதுன்னா, எல்லாம் நல்லா ஓடிட்டு இருக்கிற மாதிரிதான் தெரியும், ஒருத்தர் ஆஸ்பத்திரியில் படுக்கிற வரைக்கும். அந்த நாளை நான் வாரா வாரம் பார்க்கிறேன். கொஞ்சம் கையிருப்பு வச்சுக்கோங்க மக்களே. உடம்பிலும் சரி, பையிலும் சரி.