சொல்லாமற் சொல்லியவை



தருமபுரியை அடுத்துச் சேலம் செல்லும் வழியில் அதியமான்கோட்டை என்றோர் ஊர் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன்னர், ஒரு பள்ளியில் புதிதாக ஆசிரியப் பணியேற்ற நான், மாணவர் சிலரை அவ்வூருக்கு அழைத்துச் சென்றேன். சென்னராயப் பெருமாள் கோயிலின் விதானத்து ஓவியங்களைக் கண்டபின் நிழலில் அமர்ந்தோம். அதியமானுக்காக ஔவையார் தூது சென்ற வரலாற்றைக் கூறுமாறு ஒரு மாணவனைப் பணித்தேன். அவன் எழுந்தான், தலை கவிழ்ந்தான், வாய் திறக்கவில்லை. படிக்காமல் வந்தவன் என்று கருதி அனைவர் முன்னும் கடிந்துகொண்டேன். அன்று நான் செய்த பிழையை இப்பேச்சின் முடிவிலே சொல்வேன். முதலில் அவன் சொல்லியிருக்க வேண்டிய வரலாற்றை நான் சொல்லிவிடுகிறேன்.

இன்றைய தருமபுரியே சங்க காலத்துத் தகடூர். அதனை ஆண்டவர் அதியமான் மரபினர். அசோகப் பேரரசரின் கல்வெட்டுகளில் சோழர், பாண்டியர், கேரளபுத்திரர் ஆகியோருடன் சத்தியபுத்திரர் என்பாரும் குறிக்கப்பெறுகின்றனர். அவர் யாவர் என்று அறிஞர்கள் நெடுங்காலம் வாதிட்டனர். 1981-ஆம் ஆண்டு ஜம்பை என்னும் ஊரில் கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அவ்வாதத்திற்கு விடை தந்தது. அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் 'சதியபுதோ' என்னும் சிறப்புப் பெயரோடு அதில் பொறிக்கப்பட்டிருந்தது. புலவர் பாடிய பெயரைக் கல்லும் கூறிற்று.

இனித் தூதினைக் காண்போம். அதியமானின் தூதராக ஔவையார் தொண்டைமானிடம் சென்றார். தொண்டைமான் போர் பற்றி ஏதும் பேசினானல்லன். தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். அதுவே அவன் பேச்சு. 'என் வலிமையைப் பார். உன் அரசனிடம் போய்ச் சொல்' என்பது அக்காட்சியின் பொருள். ஔவையார் அப்பொருளை உடனே உணர்ந்தார். விடையையும் அவ்வாறே குறிப்பாகத் தந்தார். இங்குள்ள வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பெற்றுக் காவல் மிக்க மனையில் இருக்கின்றன. எம் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்திப் பக்கமும் நுனியும் முரிந்து கொல்லனது சிறு கொட்டிலிலே கிடக்கின்றன என்றார். செவியால் மட்டும் கேட்டவனுக்கு அது புகழ்ச்சி. உள்ளத்தாற் கேட்டவனுக்கு அது போர்க்களம் காணாத படை என்னும் இகழ்ச்சி. இச்செய்தி புறநானூற்றின் 95-ஆம் பாட்டில் உள்ளது.

பகைவனது குறிப்பை இவ்வளவு நுட்பமாக அறிந்த அவ்வம்மையார், நண்பனது குறிப்பை எவ்வாறு கொண்டார் தெரியுமா? அதியமான் ஒருமுறை பரிசில் தரக் காலம் தாழ்த்தினான். காரணமும் கூறவில்லை. அந்த மௌனம் ஔவையாரைச் சினங்கொள்ளச் செய்தது. வாயிற்காவலனை விளித்து, உன் தலைவன் தன்னை அறியானோ, என்னை அறியானோ என்று வினவினார். கோடரியேந்திக் காட்டுக்குச் செல்லும் தச்சன் மகனுக்கு மரம் கிடையாமற் போகாதது போலக் கலை வல்லார்க்கு எத்திசையிலும் உணவு உண்டு என்று கூறி யாழைக் கட்டலானார். இது புறநானூற்று 206-ஆம் பாட்டு.

அந்நூலின் 101-ஆம் பாட்டும் பரிசில் நீட்டித்தபொழுது பாடியதேயாகும். ஆனால் அதிலே சினம் இல்லை. பலநாள் பலரோடு சென்றாலும் முதல்நாள் போன்றே விருப்பமுடையவன் அவன். யானை தன் கொம்பிடையே வைத்துக்கொண்ட கவளம் அதற்குத் தப்பாதது போல, அவன் தரும் பரிசிலும் நம் கையகத்தது. நெஞ்சே, வருந்தாதே என்கிறார். கொடுப்போன் ஒருவன், கேட்போர் ஒருவர், செயலும் காலந்தாழ்த்தல் என்னும் ஒன்றே. அதற்கு ஒருகால் அவமதிப்பு என்று பொருள். ஒருகால் அன்பு என்று பொருள். குறிப்பு தானே பொருள் தருவதில்லை. காண்பவர் உள்ளமும் அதிலே கலக்கின்றது.

அதியமான் மற்றொரு முறையும் பேசாதிருந்தான். மலைப்பிளவில் அரிதின் முயன்று பெற்ற நெல்லிக்கனியின் பயனைத் தன்னுள்ளே அடக்கி, அதனை ஔவையாருக்கு அளித்தான். பயனைக் கூறியிருப்பின் அவர் ஏற்க மறுத்திருக்கவும் கூடும். அங்கே மௌனமே கொடையாயிற்று.

இத்தகைய தகடூரை அழித்த சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறையும் ஒரு செயலாற் பேசியவனே. நீராட்டுவதற்காக முரசைக் கொண்டுசென்றிருந்த வேளையில், மோசிகீரனார் என்னும் புலவர் அறியாது முரசு கட்டிலில் ஏறி உறங்கிவிட்டார். அது வாளால் வெட்டுதற்குரிய குற்றம். சேரமானோ வாளை விடுத்து, கவரியைக் கையிலெடுத்து வீசி நின்றான். 'பொறுத்தேன்' என்று அவன் வாயாற் சொல்லியிருந்தால் அச்சொல் அன்றே காற்றோடு போயிருக்கும். சொல்லாது வீசிய காற்றோ இன்றும் புறநானூற்று 50-ஆம் பாட்டிலே வீசிக்கொண்டிருக்கின்றது.

உடல் பேசும் இம்மொழியைத் தமிழர் இலக்கணமாகவே வகுத்தனர். தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்று கூறி, ஒவ்வொன்றும் நான்கு காரணம் பற்றிப் பிறக்கும் என்று காட்டுகிறது. அழுகைக்குரிய காரணங்களுள் வறுமையும் ஒன்று என்பதை நினைவிற் கொள்ளுங்கள். திருவள்ளுவர் குறிப்பறிதல் என்னும் பெயரில் பொருட்பாலில் ஓர் அதிகாரமும் காமத்துப்பாலில் ஓர் அதிகாரமும் அமைத்தார். அரசவைக்கும் காதலுக்கும் அக்கலை வேண்டும் என்பது அவர் கருத்துப் போலும். மேலைநாட்டில் சார்லஸ் டார்வின் மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றி நூல் வெளியிட்டது 1872-ஆம் ஆண்டிலேயாம்.

இவற்றையெல்லாம் படித்தவன்தான் நான். ஆயினும், என் முன் நின்ற சிறுவனைப் படிக்கத் தெரியவில்லை. அன்று மாலை ஊர் திரும்புகையில் அவன் தன் குறிப்பேட்டை என் கையிற் கொடுத்து அகன்றான். தகடூர் வரலாறு முழுவதும் அதில் அழகுற எழுதப்பட்டிருந்தது. ஔவையார் கூற்றைத் தனியே கோடிட்டும் வைத்திருந்தான். அவனுக்குத் திக்குவாய் என்பதை உடன்படிப்போர் பிறகு சொல்லித்தான் அறிந்தேன். கவிழ்ந்த தலையை நான் கண்டேன். நடுங்கிய உதடுகளைக் காணத் தவறினேன். மறுநாள் வகுப்பில், அனைவர் முன்னும், பிழை என்னுடையது என்று கூறி அவன் எழுதியதை நானே படித்துக் காட்டினேன். அவன் அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்பார்வையின் பொருளை அறிய எனக்கு எந்த உரையாசிரியரும் தேவைப்படவில்லை.

மாணவ நேயர்களே, வானொலியிலே என் குரல் மட்டுமே உங்களை வந்தடைகிறது. முகமும் கையும் மறைந்துவிடுகின்றன. ஆனால் நாளை வகுப்பில் உங்கள் அருகே அமர்பவன் முழு மனிதனாக அமர்வான். அவன் பேசாதிருந்தால், அதற்கு ஒரு பொருளைத் தீர்மானிக்குமுன் சற்றே பொறுத்திருந்து பாருங்கள். யானைக் கொம்பிடைக் கவளம் போல, அவன் சொல்ல வந்தது உங்களுக்காகவே காத்திருக்கவும் கூடும்.