எல்லைக்கோடும் வீட்டு வாசலும்

பம்பாயிலிருந்து சென்னைக்கு ரயிலில் வரும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஓர் அனுபவம் உண்டு. ரேணிகுண்டாவும் புத்தூரும் கழிந்து ஏகாம்பரகுப்பத்தைக் கடந்தபின், நிலையங்களின் பெயர்ப்பலகைகளில் தெலுங்கு மறைந்து தமிழ் தோன்றும். திருத்தணி நெருங்கியதும் பெரியோர்கள் மலையை நோக்கிக் கைகூப்புவர். வெளியூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ, "எல்லை ஏன் இந்த இடத்தில் இருக்கிறது? இதைக் கிழித்தவர் யார்?" என்று கேட்பர். அதே பிள்ளைகள் பத்திரிகையில் இஸ்ரேலைப் பற்றியும் பாலஸ்தீனத்தைப் பற்றியும் படித்துவிட்டு, "அந்த நிலம் உண்மையில் யாருக்குச் சொந்தம்?" என்றும் கேட்கின்றனர். முதற்கேள்விக்கு விடை கண்டால் இரண்டாவது கேள்வியை அணுக ஒரு வழி பிறக்கும் என்பது நமது எண்ணம். பதினான்கு பதினைந்து வயதுடைய இளைஞர்களை மனத்திற்கொண்டே இதனைக் கூறுகிறோம்.

முதலில் திருவேங்கட மலையைப் பார்ப்போம். தொல்காப்பியத்தின் பாயிரம் தமிழ் வழங்கும் நிலத்திற்கு வடக்கெல்லையாக வேங்கடத்தைக் குறிக்கிறது. ஆழ்வார்கள் அம்மலையைத் தமிழில் பாடினர். சாமவை என்னும் பல்லவ அரசி வெள்ளித் திருமேனி அளித்த செய்தி அங்கே தமிழ்க் கல்வெட்டாக நிற்கிறது. அக்கோயிற் கல்வெட்டுக்களுள் மிகப் பெரும்பாலானவை தமிழே. மார்கழியில் சுப்ரபாதத்தின் இடத்தில் இன்றும் திருப்பாவை ஒலிக்கிறது. ஆகவே தமிழர், "இது எமது எல்லை" என்றனர்.

தெலுங்கர் கூற்றும் பொய்யன்று. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாள்ளபாக்கம் அன்னமாசாரியர் வேங்கடவன்மீது தெலுங்கில் ஆயிரக்கணக்கான கீர்த்தனங்களைப் பாடினார். அவற்றைப் பொறித்த செப்பேடுகள் அக்கோயிலிலேயே கிடைத்தன. அருகிலுள்ள சந்திரகிரி விஜயநகர மன்னர்களின் தலைநகராக விளங்கியது. சுற்றுவட்டாரத்தில் தெலுங்கு பேசும் குடிகள் தலைமுறை தலைமுறையாக உழுதுண்டு வாழ்ந்தனர். கிருஷ்ணதேவராயரோ தமது தானங்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கச் செய்தார். இருவர் கூற்றும் ஒருங்கே மெய்யாக இருக்கும்போது, 'முதலில் வந்தவர் யார்?' என்ற கேள்வி வழக்கைத் தீர்ப்பதில்லை, வளர்க்கவே செய்கிறது.

சித்தூர் ஜில்லா 1911-இல் அமைக்கப்பட்டது. வட ஆர்க்காட்டிலிருந்து சில தாலுகாக்களும் கடப்பையிலிருந்து சில தாலுகாக்களும் அதில் சேர்ந்தன. எல்லாம் சென்னை மாகாணத்திற்குள்ளேயே இருந்தமையால் அன்று எவரும் அதைப் பெரிதாக எண்ணவில்லை. 1952 டிசம்பர் 15-ஆம் நாள், ஆந்திர ராஜ்யம் வேண்டி உண்ணாநோன்பிருந்த பொட்டி ஸ்ரீராமுலு சென்னையில் உயிர் நீத்தார். ஆந்திரப் பகுதிகளில் கலவரம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் பலர் மாண்டனர். 1953 அக்டோபர் 1-ஆம் நாள் ஆந்திர ராஜ்யம் உதயமாயிற்று. சித்தூர் ஜில்லா முழுவதும் அதனோடு சேர்ந்தது. சென்னை நகரும் தங்களுக்கே வேண்டுமென்று ஆந்திரத் தலைவர்கள் பலர் கோரினர். மறுபுறம் ம. பொ. சிவஞானம், மங்கலங்கிழார், வழக்கறிஞர் கே. விநாயகம் முதலியோர் திருத்தணியில் வடக்கெல்லைப் போராட்டத்தை நடத்தினர்; பலர் சிறை புகுந்தனர்.

முடிவு எவ்வாறு ஏற்பட்டது? எச். வி. படாஸ்கர் மத்தியஸ்தராக அமர்த்தப்பட்டார். ஜில்லாவையோ தாலுகாவையோ அன்றி, கிராமத்தையே அலகாகக் கொள்வது, அக்கிராமத்தில் பெரும்பான்மையோர் பேசும் மொழியைப் பார்ப்பது, நிலத்தொடர்ச்சி உள்ளதா என்று நோக்குவது ஆகியவை அவர் பின்பற்றிய நெறிகள். 1959-இல் பார்லிமெண்ட் சட்டம் இயற்றியது. 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை ராஜ்யத்தை அடைந்தன. சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்திற்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்திலேயே நின்றன. எவருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஆனால் கோடு நகர்ந்ததற்காக எவரும் மூட்டை முடிச்சுடன் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருக்கவில்லை.

இனி பாலஸ்தீனத்திற்குச் செல்வோம். அங்கும் இரண்டு மெய்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஜெருசலேம் யூதர்களின் பண்டைத் திருக்கோயில் இருந்த இடம். நாடிழந்து சிதறிய காலத்தும் அவர்கள் தமது பிரார்த்தனையில் அதை மறக்கவில்லை. ஐரோப்பாவில் அவர்கள் அடைந்த கொடுமை, ஹிட்லர் ஆட்சியில் அறுபது லட்சம் யூதர் கொல்லப்பட்டதில் உச்சத்தை எட்டியது. தமக்கென ஒரு நாடின்றிப் பாதுகாப்பில்லை என்று அவர்கள் கருதியதில் வியப்பில்லை. ஆனால் அந்நிலம் ஆளற்ற நிலமன்று. முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களுமான அராபியக் குடிகள் அங்கே நூற்றாண்டுகளாக ஆலிவ் தோப்புகளைப் பேணி வாழ்ந்தனர். ஐரோப்பா செய்த பாவத்திற்கு நாங்கள் ஏன் ஊரை இழக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டதிலும் நியாயம் உண்டு.

இந்த வழக்கில் பிரிட்டிஷார் நடுநிலையாளராக இருக்கவில்லை. முதல் உலகப் போரின்போது அராபியருக்குச் சுதந்திர நம்பிக்கை ஊட்டினர். 1917-இல் பால்பர் பிரகடனத்தின் மூலம் யூதருக்கு அங்கே ஒரு தேசிய இல்லம் அமைய ஆதரவளிப்பதாகவும் வாக்களித்தனர். முப்பதாண்டுகளுக்குப்பின் வழக்கை ஐக்கிய நாடுகள் சபையிடம் விட்டுவிட்டு விலகினர். அச்சபை நியமித்த விசாரணைக் குழுவில் இந்தியாவும் இருந்தது. நாட்டைத் துண்டாடாமல், யூதப் பகுதியும் அராபியப் பகுதியும் கொண்ட ஒரே கூட்டாட்சியாக அமைக்கலாம் என்று இந்தியா, ஈரான், யூகோஸ்லாவியா ஆகிய மூன்றும் கூறின. அது ஏற்கப்படவில்லை. 1947 நவம்பர் 29-ஆம் நாள், பிரிவினைத் திட்டம் 33 வாக்குகளால் நிறைவேறியது. எதிர்த்த 13 நாடுகளுள் இந்தியா ஒன்று. யூதத் தலைமை அதை ஏற்றது. மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்காயிருந்த அராபியர் ஏற்க மறுத்தனர்.

1948 மே 14-இல் இஸ்ரேல் பிரகடனமாயிற்று. அண்டை அராபிய நாடுகள் படையெடுத்தன. முன்னமே தொடங்கியிருந்த சண்டையும் இப்போரும் ஓய்வதற்குள் ஏறத்தாழ ஏழு லட்சம் பாலஸ்தீனர் அஞ்சி ஓடியோ விரட்டப்பட்டோ அகதிகளாயினர். அவர்கள் திரும்பிவர இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. பின்வந்த ஆண்டுகளில் அராபிய நாடுகளில் வாழ்ந்த லட்சக்கணக்கான யூதரும் வீடு துறந்து இஸ்ரேலுக்கு வந்தனர். 1967 போரில் மேற்குக் கரையும் காஸாவும் கிழக்கு ஜெருசலேமும் இஸ்ரேல் வசமாயின. மேற்குக் கரையிலும் கிழக்கு ஜெருசலேமிலும் யூதக் குடியேற்றங்கள் பெருகின. 1993-இல் ஆஸ்லோ உடன்படிக்கை சிறிது நம்பிக்கை அளித்தது. 1995-இல் பிரதம மந்திரி ராபின் தம் நாட்டவன் ஒருவனாலேயே கொல்லப்பட்டார். 2023 அக்டோபர் 7-ஆம் நாள் ஹமாஸ் தாக்குதலில் இஸ்ரேலில் ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். பலர் பிணையாகக் கடத்தப்பட்டனர். தொடர்ந்த போரில் காஸாவில் குழந்தைகள் உட்படப் பல்லாயிரவர் மடிந்தனர். மக்களில் பெரும்பாலோர் வீடிழந்தனர். 2025 அக்டோபரில் போர்நிறுத்த உடன்பாடு ஏற்பட்டது. நிலம் யாருடையது என்ற வழக்கோ தீரவில்லை.

இரண்டையும் ஒப்பிடும்போது அடக்கம் வேண்டும். திருத்தணி வழக்கு சிறியது. அங்குற்ற துயரோடு அது நிறைக்கு நிற்காது. நாம் இயல்பிலேயே சாந்தமானவர்கள் என்பதும் இதன் பொருளன்று. 1947 ஆகஸ்டில் பஞ்சாபிலும் வங்காளத்திலும் கோடு விழுந்தபோது நடந்தவை நாம் அறிந்தவையே. பஞ்சாபிலும் பாலஸ்தீனத்திலும் கோடு விழுந்ததும் அப்பால் நின்றவன் அந்நியனாகிவிட்டான். திருத்தணியில் அவ்வாறு நேரவில்லை. கோட்டின் இருபுறத்தாரும் ஒரே நாட்டின் பிரஜைகள். ஒரே அரசியல் சட்டமும், ஒரே சுப்ரீம் கோர்ட்டும் இருபுறமும் செல்லும். தோற்றவனுக்கு ஒரு தாலுகா கைவிட்டுப் போயிற்றே அன்றி, வீட்டுச் சாவி போகவில்லை. தெலுங்குக் குடும்பத்தில் 1888-இல் திருத்தணியில் பிறந்து திருப்பதியில் பயின்றவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். அவர் பிறந்த ஊர் 1960-இல் ராஜ்யம் மாறியது. 1962-இல் அவர் இரு ராஜ்யங்களுக்கும் பொதுவான ஜனாதிபதியானார்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டோம். எந்தக் கோடும் இருபுறமும் சிறுபான்மையினரை விட்டுச் செல்லும். சித்தூரிலும் நகரியிலும் குப்பத்திலும் தமிழ் பேசுவோர் உளர். திருத்தணியில் தெலுங்கு பேசுவோர் உளர். வீட்டில் பேசும் மொழியைப் பள்ளியில் கற்க இயலாத பிள்ளையின் இழப்பு மெய்யான இழப்பே. ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க வசதி செய்யவேண்டும் என்று கூறும் 350அ ஷரத்து, ராஜ்யங்கள் மொழிவாரியாகப் பிரிந்த 1956-ஆம் ஆண்டிலேயே அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்டது இதனாலேதான்.

பிற ராஜ்யங்களில் வாழும் நேயர்களே, நாமும் ஒரு கோட்டுக்கு அப்பால் வாழ்பவர்களே. டில்லியிலும் பம்பாயிலும் நாம் வீடு கொள்வதும் கோயில் எழுப்புவதும் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பதும், 'நீ முதலில் வந்தவனா?' என்று சட்டம் நம்மைக் கேளாததாலேயே இயலுகின்றன. ஆகவே பாலஸ்தீனத்தைப் பற்றி உங்கள் வீட்டு இளைஞர் கேட்டால், ஒரு கட்சியின் கொடியைக் கையில் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். எந்தத் திட்டத்தைப் பற்றிப் படித்தாலும் ஒன்றை ஆராயுமாறு சொல்லுங்கள்: இந்தக் கோட்டின் தவறான புறத்தில் அகப்பட்டவன், யூதனாயினும் அராபியனாயினும், நாளைக் காலையில் தன் வீட்டு வாசலில் அச்சமின்றி நிற்க இயலுமா? இயலும் என்ற விடை கிடைக்கும் வரையில் எந்தக் கோடும் அங்கே எல்லையாக நிலைக்காது.