ஒயிட்சாப்பல் நிலவறை வைத்தியம்

1917 நவம்பர் 17. கிழக்கு லண்டனின் ஏழைப் பேட்டையான ஒயிட்சாப்பலில் ஒரு நிலவறை வாசலில் பலகை ஒன்று மாட்டப்பட்டது. நோய்ப்பட்ட பிராணி எதுவானாலும் கொண்டுவரலாம், வைத்தியத்துக்குக் காசு வேண்டாம் என்பது அதன் சாரம். நாட்டின் கால்நடை மருத்துவர்கள் பலர் அப்போது ராணுவக் குதிரைகளோடு போர்முனையில் இருந்தார்கள்.

பலகையை மாட்டியவர் மரியா டிக்கின், ஒரு மதபோதகரின் மகள். ஏழைகளுக்கு உதவப்போன இடத்தில் சொறி பிடித்த நாய்களையும் கால் ஒடிந்த பூனைகளையும் கண்டவர். வளர்த்தவர்களிடம் பாசத்துக்குக் குறைவில்லை. மருத்துவருக்குக் கொடுக்கத்தான் கையில் காசில்லை.

போருக்கு முன்பும் நிலைமை பெரிதாக வேறல்ல. 1761இல் பிரான்சின் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு அனுமதி கிடைத்தபோது அரசின் கவலையெல்லாம் மாடுகளை வாரிக்கொண்டு போன வெக்கை நோயும் குதிரைகளும்தான். 1791இல் லண்டனில் கல்லூரி வந்தபோதும் குதிரைக்கே முதலிடம். வீட்டு நாய்க்கும் பூனைக்கும் வரிசையில் கடைசி இடம்.

நிலவறையில் கூட்டம் நெரிந்தது. இடம் போதாமல் மருந்தகம் மாறியது. கிளைகள் முளைத்தன. வண்டியிலேயே மருந்தகம் ஊர் ஊராகப் போனது. 1928இல் இல்ஃபர்டில் மருத்துவமனையே எழுந்தது. ‘நோயுற்ற பிராணிகளுக்கான மக்கள் மருந்தகம்’ என்பதன் ஆங்கிலச் சுருக்கமான ‘பி.டி.எஸ்.ஏ.’ என்ற அதன் பெயர் நாடெங்கும் தெரிந்ததாயிற்று.

சண்டையும் கூடவே வந்தது. அங்கே வைத்தியம் பார்த்தவர்களில் பலர் பட்டம் பெறாதவர்கள். படிக்காதவர் கையில் பிராணிகளை ஒப்படைப்பதா என்று கால்நடை மருத்துவர்கள் கொதித்தார்கள். காசில்லாதவன் வேறு யாரிடம் போவான் என்பது டிக்கின் தரப்பின் கேள்வி.

1948இல் சட்டம் தீர்ப்புச் சொன்னது: பதிவுபெற்றவரே வைத்தியம் பார்க்கலாம். பட்டமில்லாமல் நெடுநாள் தொழில் செய்தவர்களுக்குத் தனித் துணைப்பதிவேடு திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில்தான் மனிதர்களுக்கு அரசு இலவச மருத்துவம் தொடங்கியது. பிராணிகளுக்கு அப்படி எதுவும் வரவில்லை.

பிராணி வைத்தியச் சிக்கல் அதன் பிறகும் தீரவில்லை. 2019இல் ஆள் பற்றாக்குறைத் தொழில்களின் பிரிட்டிஷ் அரசுப் பட்டியலில் கால்நடை மருத்துவம் மறுபடி ஏறியது. 2013இல் பத்தில் ஒன்றாக இருந்த பெருநிறுவனங்களின் கிளினிக்குகள் பத்தாண்டுகளில் பத்தில் ஆறாகப் பெருகின. கட்டணம் குறித்த புகார்கள் வலுக்கவே, சந்தைப் போட்டி ஆணையம் 2023இல் ஆய்வில் இறங்கியது. பி.டி.எஸ்.ஏ. இன்றும் இயங்குகிறது. ஆனால், அதன் கதவு எல்லோருக்கும் திறக்காது: அரசு உதவித்தொகை பெறுபவராக இருக்க வேண்டும், வீடும் அதன் மருத்துவமனை எல்லைக்குள் அமைந்திருக்க வேண்டும்.