நரிமன் முனையும் நிரம்பாத கடலும்

மாட்டுங்காவிலிருந்தும் செம்பூரிலிருந்தும் காலைதோறும் கையில் சோற்றுப் பாத்திரத்துடன் தெற்கு நோக்கி இரயிலேறிய நம் பெரியோர், இத்தனை அலுவலகங்களும் ஏன் நகரின் ஒரே மூலையில் குவிந்தன என்று நொந்திருப்பர். விடையில் ஒரு பகுதி பாக் பே என்னும் வளைகுடாவின் வரலாற்றில் உள்ளது.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861–65) பருத்தி விற்றுப் பம்பாய்க்குப் பணம் வெள்ளமென வந்தது. வளைகுடாவைத் தூர்த்து நிலமாக்க ஒரு கம்பெனி தோன்றிற்று. 5,000 ரூபாய்ப் பங்கு 50,000 வரை விலை போயிற்றென்பர். ஒரு பிடி மண் விழுமுன்னரே இத்தனை விலை! போர் முடிந்தது, 1865-இல் கம்பெனியும் வீழ்ந்தது.

1918 முதல் 1923 வரை கவர்னராயிருந்த ஜார்ஜ் லாயிட் அக்கனவை மீண்டும் கையிலெடுத்தார். எட்டுப் பகுதிகளாக 1,145 ஏக்கர் என்பது திட்டம். துறைமுகச் சேற்றை அள்ளிக் குழாய்வழி கொணர்ந்து கொட்டுவதென ஏற்பாடு. ஆனால் மண்வாரிக் கப்பல் எதிர்பார்த்த அளவு அள்ளவில்லை. செலவு ஏறியது; நிலம் ஏறவில்லை. ஊரார் இதனை 'லாயிடின் மடமை' என்றனர். குர்ஷெத் நரிமன் என்னும் பார்சி வழக்கறிஞர், இத்திட்டத்தின் ஊழலையும் வீண்செலவையும் அஞ்சாது வெளியிட்டார். ஹார்வி என்ற அதிகாரி அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். நரிமன் விடுதலை பெற்றார். திட்டத்தில் நான்கு பகுதிகளே, சுமார் 440 ஏக்கர், முடிவுற்றன. அவற்றிலும் பாதிக்கு மேல் படைத்துறைக்குச் சென்றது. நாம் மாலையில் காற்று வாங்கும் மெரீன் டிரைவ் எஞ்சியதன் பயனேயாம்.

விட்டுப்போன நடுப்பகுதிகளை நிரப்பும் பணி சுதந்திரத்திற்குப் பின் மீண்டும் நடந்தது. எதிர்த்தவர் பெயரையே அந்நிலத்திற்குச் சூட்டினர்; வேடிக்கைதான். 1974-இல் 23 மாடி ஏர் இந்தியா மாளிகை அங்கு எழுந்தது. அருகில் வேறு கோபுரங்களும் நின்றன. 1965-லேயே சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, சிரீஷ் பட்டேல் மூவரும் 'மார்க்' இதழில், கடலை மேலும் தூர்க்காது துறைமுகத்திற்கு அப்பால் புது நகரம் காண்க என்று வாதித்திருந்தனர். 1970-இல் அதற்கெனச் சிட்கோ நிறுவப்பெற்றது. நம்மவர் பலர் வாஷிக்கும் நெரூலுக்கும் குடிபெயர்ந்தனர். அரசின் தலைமைச் செயலகமோ அங்குச் செல்லவில்லை. புதிய சட்டமன்ற மாளிகையையும் 1981-இல் நரிமன் முனையிலேயே திறந்தனர். வீடு வடகிழக்கே நகர்ந்தது, வேலை தெற்கிலேயே நின்றது. பாலத்தைக் கடந்து வந்த தந்தையர் இரவில் வீடு சேரும்போது குழந்தைகள் உறங்கியிருந்தன.

இதற்கிடையே மனைகள் ஒதுக்கப்பட்ட முறை குறித்து 1970-களில் பீலு மோடி வழக்குத் தொடர்ந்தார். மண் கொட்டுவதும் நின்றது. 1991-இல் வந்த கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை அக்கதவை மேலும் இறுக்கிற்று.

நரிமன் முனையில் நின்று தெற்கே நோக்குங்கள். எதிரே கஃப் பரேடின் உயர்ந்த மாடங்கள். இடையே வரைபடத்தில் நிலமாகவிருந்த நீர்ப்பரப்பு. அதன் கரையில், கோபுரங்களின் நிழலில், கோலி மீனவர் இன்னும் படகு கட்டுகின்றனர்.