மொறிஸ் மைனர் எஞ்சினும் எழுவான்கரையும்: ஒரு வரலாற்று நோக்கு

மட்டக்களப்பின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் கல்வெட்டு, செப்பேடு, ஏட்டுச்சுவடி, ஒல்லாந்தர் ஆவணம் ஆகியவற்றையே பெரிதும் நாடிச் சென்றனர். சுதந்திரத்துக்குப் பிற்பட்ட காலத்தைப் பொறுத்தவரை வேறுவகைச் சான்றுகளும் உள. அவற்றுள் ஒன்று பழைய மொறிஸ் மைனர்க் காரின் எஞ்சின் ஆகும். பழைய காரொன்றைப் புதுப்பிக்க முற்படுவோர் எஞ்சினை வெளியே எடுத்துப் பிரிக்கும்போது, அக்கார் எக்காலத்தில் எவ்வாறு பிழைத்தது என்னும் செய்தி அதன் உட்பாகங்களிற் பதிந்திருப்பதைக் காணலாம். அச்சான்றை வாசிக்கும் முறையையும், புதுப்பித்தலின் பெயரால் அது அழிய நேர்வதையும், தேற்றாத்தீவு அமைந்துள்ள கரையோரத்தை நிலைக்களமாகக் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் எல்லையாகும்.

தேற்றாத்தீவு, மட்டக்களப்பு – கல்முனை வீதியில் மாங்காட்டுக்கும் களுதாவளைக்கும் இடைப்பட்ட ஊர். கிழக்கே கடல், மேற்கே வாவி. கலங்கிய நீரைத் தெளிவிக்கும் கொட்டையைத் தரும் தேற்றா மரத்தோடு ஊர்ப்பெயரைத் தொடர்புபடுத்துவர். நகரிலிருந்து இவ்வூருக்கு வரும் வாகனங்கள் 1924 இல் அமைக்கப்பட்ட, ஒருவழிப்போக்குக்கு மாத்திரம் இடந்தந்த கல்லடிப் பாலத்தையே 2013 இல் புதிய பாலம் திறக்கப்படும்வரை கடந்து வந்தன. இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த இந்நிலத்தில் இரும்பு நெடுநாள் நிலைப்பதில்லை. மைனர்க் காருக்கோ தனியான அடிச்சட்டம் கிடையாது; உடலே சட்டம். எஞ்சினைத் தாங்கும் முன்கால்கள் இரண்டும் துருப்பிடித்தால், எஞ்சினை அகற்றினாலன்றி அவற்றைச் செம்மையாக ஒட்ட இயலாது. ஆகவே இக்கரையோரத்தில் எஞ்சின் வெளியே வருவதற்கு அதன் சொந்த நோய் மாத்திரம் காரணமாக இருந்ததில்லை.

இலங்கை சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டின் ஒக்ரோபர் மாதத்தில், இலண்டன் ஏர்ள்ஸ் கோர்ட் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமாயிற்று. அதனை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ், சிலிண்டர்கள் இருபக்கமும் படுத்திருக்கும் அகன்ற எஞ்சின் ஒன்றை அதற்கெனக் கருதியிருந்தார். அத்திட்டம் கைவிடப்பட்டு, முன்னைய மொறிஸ் எயிற் காரின் 918 கன சென்ரிமீற்றர் எஞ்சினே பொருத்தப்பட்டது. முடிவுற்றிருந்த மாதிரிக் காரை இறுதிக் கட்டத்தில் நெடுக்காக இரண்டாக அறுத்து நான்கு அங்குலம் அகலப்படுத்தியதும் இசிகோனிஸே. அதன் தழும்பு போனற்றின் நடுவில் ஒரு பட்டையாக இன்றும் தெரிகின்றது. 1952 இல் ஒஸ்ரின், மொறிஸ் நிறுவனங்கள் இணைந்தபின் ஒஸ்ரினின் 803 எஞ்சினும், 1956 இல் 948 உம், 1962 இல் 1098 உம் முறையே இடம்பெற்றன. பதினாறு இலட்சம் வரையிலான வாகனங்கள் வெளிவந்தபின் 1971 இல் உற்பத்தி நின்றது. அகன்ற எஞ்சினுக்கென ஒதுக்கிய அறையில் ஒடுங்கிய எஞ்சின் குடிபுகுந்தமையால் இருபுறமும் கை நுழைய இடம் எஞ்சியது. கைவிடப்பட்ட ஒரு திட்டம் பிற்காலத்தில் நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இவ்விதம் உதவியாயிற்று.

எஞ்சினை எடுக்கும் முறை எளிமையானது. ஆனால் ஒழுங்கு பிசகலாகாது. முதலிற் பற்றரியின் தொடர்பு நீக்கப்படும். றேடியேற்றர் நீரும் எஞ்சின் ஒயிலும் வடிக்கப்படும். போனற்றைக் கழற்றுமுன் பிணைச்சல் பதிந்த இடத்தைச் சுற்றிக் கோடிடுவர். அன்றேல் மீளப் பூட்டும்போது அது ஒருபக்கம் சாய்ந்து நிற்கும். பின்னர் றேடியேற்றர், காபுரேற்றர், பெற்றோல் குழாய், புகைக்குழாய் இணைப்பு, டைனமோவுக்கும் ஸ்ராட்டருக்கும் செல்லும் வயர்கள் என்பன ஒவ்வொன்றாக விடுவிக்கப்படும். கியர்பெட்டியைக் காரிலேயே விட்டு எஞ்சினை மாத்திரம் எடுப்பதாயின், கியர்பெட்டிக்கு அடியில் ஜக்கு வைத்துத் தாங்கவேண்டும். எஞ்சின் உடனே மேலெழலாகாது. கியர்பெட்டியின் முன்தண்டு கிளச்சை முற்றாக விட்டு நீங்கும்வரை அது நேராக முன்னோக்கி நகரவேண்டும். நூறு கிலோவுக்கு மேற்பட்ட பாரம் அத்தண்டில் ஒரு கணம் தொங்கினாலும் கிளச்சுத் தட்டு வளைந்துவிடும். தண்டு நீங்கியபின்னரே முன்பக்கத்தை நிமிர்த்தி, செயின் புளொக்கினால் மேலே தூக்குவர். தூக்குவதற்கு வளவிலுள்ள மாமரத்தின் கிளையோ முக்காலியாகக் கட்டிய மரங்களோ போதும். கரையோர மணலில் முக்காலியின் கால்கள் பாரம் ஏறியதும் புதையும். ஆதலால் ஒவ்வொரு காலுக்கும் அடியிற் பலகை இடுவர். ஆங்கிலக் கைந்நூல்களில் இக்குறிப்பை எதிர்பார்க்க இயலாது.

வெளியே வந்த எஞ்சினைப் பிரிக்கும்போதே வரலாற்றாசிரியனுக்குரிய வேலை தொடங்குகின்றது. சிலிண்டர் தேய்ந்தால் அதனைக் கடைந்து பெருப்பித்து, பெரிய பிஸ்ரன் இடுவர். இதனை றீபோர் என்பர். அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கை அலகாகக் கொண்டு இருபது, முப்பது, நாற்பது என அவ்வளவு பிஸ்ரனின் தலையிற் பொறிக்கப்பட்டிருக்கும். அதுபோலவே கிராங்க் தண்டைத் தேய்த்துச் சீராக்கும்போது இடப்படும் பெயரிங் ஓடுகளின் முதுகில் பத்து, இருபது, முப்பது என்னும் இலக்கங்கள் காணப்படும். இவ்விரு சான்றுகளுள் பெயரிங்கே வலிமை மிக்கது. பிஸ்ரனை எஞ்சின் காரில் இருக்கும்போதும் மாற்றலாம். கிராங்க் தண்டையோ எஞ்சினை இறக்காமல் எடுக்கவே இயலாது. எனவே பெயரிங்கிற் பத்து என்றிருப்பின் அந்த எஞ்சின் ஒருமுறையேனும் மாமரத்தடியிலோ முக்காலியிலோ தொங்கியிருத்தல் வேண்டும். முப்பது என்றிருப்பின் மூன்றுமுறை என்று முடிவுகட்டுதல் தவறு. தேய்வு மிகுந்திருந்தால் இடைப்பட்ட அளவைத் தாண்டிச் செல்வதுமுண்டு. சான்றுக்கு உரிய எல்லையை உணராதவன் இரும்பிலும் பிழையாகவே வாசிப்பான்.

இத்தேய்வுகளுக்குப் பின்னால் நாட்டின் பொருளாதாரம் நிற்கின்றது. 1960களின் தொடக்கத்தில் ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடியைத் தொடர்ந்து கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1970 – 77 காலத்தில் உதிரிப்பாகமும் அரிதாயிற்று. பிறநாடுகளிற் பத்தாண்டில் இரும்புக்கு விற்கப்பட்டிருக்கக்கூடிய கார்கள் இங்கு மீண்டும் மீண்டும் திறக்கப்பட்டு ஓடின. வாடகைக் காராகவும், ஆசிரியர், வைத்தியர் போன்றோரின் காராகவும் ஊரில் நின்ற மைனரை மாற்றுவதற்கு வேறு கார் இருக்கவில்லை.

போர்க்காலம் இதனினும் ஆழமான தழும்பை இட்டது. 1990 இன் பின் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடைசெய்யப்பட்டபோது, மொறிஸ், ஒஸ்ரின் ஆகிய பழைய கார்களே மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலை விட்டு எஞ்சினை இயக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்க விகிதம் குறைந்த எஞ்சின்களே அதனைப் பொறுத்தன. புதிய கார்கள் தோற்ற இடத்திற் கிழட்டுக் கார்கள் வென்றன. இதற்கான விலையை எஞ்சின் உள்ளே செலுத்தியது. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவர் வழியே வடிந்து ஒயிலை இளக்க, பெயரிங்குகள் விரைந்து தேய்ந்தன. பிஸ்ரன் தலையிற் கரி படிந்தது. வாவியின் இக்கரையாகிய எழுவான்கரையில் நிலைமை அத்துணை கடுமையன்று எனினும், அக்கரையாகிய படுவான்கரைக்குப் பொருட்கள் கட்டுப்பாட்டுடனேயே சென்றன. ஆகையால் கிழக்கிற் பிரிக்கப்படும் எஞ்சினிலும் கரியின் கதையைக் கவனித்தல் தகும்.

1977 இன் பின் இறக்குமதி தளர, யப்பானிய கார்களும் பாவித்த எஞ்சின்களும் வந்தன. தேய்ந்த ஒஸ்ரின் எஞ்சினை மேலும் கடைவதிலும், கியர்பெட்டியோடு கூடிய யப்பானிய எஞ்சினைப் பொருத்துவதே பலருக்கு இலாபமாயிற்று. மைனரின் அகன்ற அறை அதற்கும் இடங்கொடுத்தது. இவ்வாறு குடியேறிய எஞ்சின் நிசானுடையதாயின் ஒரு சுவையான தொடர்பு உண்டு. 1952 இல் ஒஸ்ரின் நிறுவனத்தோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி நிசான் அடுத்த ஆண்டு முதல் ஒஸ்ரின் கார்களை யப்பானிற் பொருத்தத் தொடங்கி, எஞ்சின் செய்யும் நுட்பத்தை அவ்வழியிற் பெரிதும் கற்றது. ஆசானின் இடத்திலே மாணவன் வந்தமர்ந்தான் எனலாம்.

இன்று நிலைமை தலைகீழாகியுள்ளது. 2020 மார்ச் முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்த காலத்திற் பழைய கார்களின் மதிப்பு உயர்ந்தது. 2025 இல் தடை தளர்ந்த பின்னரும் பழமைமீது கொண்ட ஆசை குறையவில்லை. புதுப்பிப்போர் யப்பானிய எஞ்சினை இறக்கிவிட்டு, மூல எஞ்சினைத் தேடிப் பொருத்த விரும்புகின்றனர். இங்கிலாந்தின் பாத் நகரில் மொறிஸ் மைனர் நிலையத்தை நிறுவிய சார்ல்ஸ் வேர், காரை நெடுங்காலம் வைத்திருந்து பாவிப்பதே சிக்கனம் என 1982 இல் ஒரு நூலில் வாதிட்டார். 1990களில் அந்நிலையத்துக்கு வேண்டிய மைனர் உடற்பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டு அனுப்பப்பட்டன. வறுமையால் இங்கு வளர்ந்த கைவண்ணமே அங்கே விலைபோயிற்று என்பது சிந்திக்கத்தக்கது.

மூல எஞ்சினைத் தேடும் இவ்வாசையைக் குறைகூறுவதற்கில்லை. எனினும் தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நாளை மாத்திரம் காரின் உண்மை நிலையாகக் கொள்வது, அது இம்மண்ணில் ஓடிய அறுபது ஆண்டுகளைப் பிழை என ஒதுக்குவதாகும். 1980களிற் பொருத்தப்பட்ட எஞ்சினும் அக்காரின் வரலாற்றில் ஓர் அதிகாரமே. பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் செஸி இலக்கமும் தனித்தனியே குறிக்கப்படுதலால், அவ்வதிகாரத்தின் ஒரு வரியேனும் அங்கு எஞ்சும். பெயரிங் ஓடுகளுக்கோ அந்த வாய்ப்பும் இல்லை. புதியவை வந்ததும் பழையவை வளவு மணலில் எறியப்படுகின்றன. எறியுமுன் ஒயிலைத் துடைத்து, முதுகிலுள்ள இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள ஐந்து நிமிடமும் செல்லாது.