வறட்சியும் வெள்ளாடும்: அறாவெட்டு முதல் ஒதுக்குக்காடு வரை

ஆய்வுச் சுருக்கம்

தமிழக வறள்நிலங்களில் மழை பொய்த்த காலங்களில் ஆடுகளைக் காத்த முறைகளையும், 19-ஆம் நூற்றாண்டின் வனச்சட்டம் அம்முறைகளில் விளைவித்த மாற்றத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. கல்வெட்டு, பழமொழி, நிருவாக வரலாறு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வறட்சி, வெள்ளாடு, அறாவெட்டு, கொறங்காடு, ஒதுக்குக்காடு.

முன்னுரை

பஞ்ச வரலாறு பெரும்பாலும் தானியத்தின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கால்நடைகளின் தீவன வரலாறு அதனுள் ஓரிரு பத்திகளாக அடங்கிவிடுகிறது. மழை பொய்த்தால் முதலில் காய்வது புல்லே. எருதும் பசுவும் புல்லையும் வைக்கோலையும் நம்பி வாழ்பவை. வெள்ளாடோ தழையுண்ணி, பின்னங்கால்களில் எழுந்து நின்று கிளைகளை எட்டித் தின்னும் இயல்புடையது. ஆழ வேரோடிய வேம்பும் வேலமரமும் புல் தீய்ந்த பின்னரும் பசுமை காப்பதால், வறட்சியில் ஏழைக் குடும்பத்திடம் எஞ்சிய உடைமையாக வெள்ளாடு அமைந்தது.

1. இழப்பின் சுமை

சோழர் கல்வெட்டுகளில் நுந்தா விளக்கெரிக்க அளிக்கப்பட்ட ஆடுகள் ‘சாவா மூவாப் பேராடு’ எனப்படுகின்றன. விளக்கொன்றுக்கு 96 ஆடுகள் என்பது பரவலாகக் காணப்படும் அளவு. முதலாம் இராசராசன் (985–1014) காலத்துத் தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டுகள், ஆடுகளைப் பெற்றோர் விளக்கொன்றுக்கு நாள்தோறும் ஆடவல்லான் என்னும் அளவையால் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்கின்றன. ஆடு மூத்தாலும் இறந்தாலும் அதன் ஈற்றால் எண்ணிக்கை நிரம்பும் என்பதே இத்தொடரின் உட்கருத்து. வறட்சியில் பால் வற்றும், குட்டிகள் மடியும், ஆனால் அளக்கவேண்டிய நெய்யின் அளவு மாறுவதில்லை. எனவே இவ்வாசகம் இழப்பின் சுமையை மேய்ப்பவர் மீதே ஏற்றியது எனக் கொள்ளலாம். மந்தையை உயிரோடு காப்பது அவர்க்குப் பிழைப்பாக மட்டுமன்றிக் கடப்பாடாகவும் இருந்தது.

2. அறாவெட்டு

இக்கடப்பாட்டை நிறைவேற்றிய நுட்பத்தை ‘இடையன் வெட்டு அறாவெட்டு’ என்னும் பழமொழி காத்து வைத்துள்ளது. இடையன் கிளையை முற்றாகத் துண்டிப்பதில்லை. பாதி வெட்டி வளைத்து, ஆடு எட்டும் உயரத்திற்குத் தாழ்த்துகிறான். பட்டையின் ஒரு பகுதி மரத்தோடு ஒட்டியிருப்பதால் கிளை உடனே உலர்வதில்லை. அதன் தழை பல நாள்களுக்கு உணவாகிறது. இடையன் எறிந்த மரம் என்னும் உவமை பதினெண்கீழ்க்கணக்கு நூலான பழமொழி நானூற்றிலும் இடம்பெறுவதால் இவ்வழக்கின் தொன்மை புலனாகும். இன்று அப்பழமொழி அரைகுறை வேலையைக் குறிக்கும் ஏளனச் சொல்லாக வழங்குகிறது. சிக்கனத்தின் பெயராக விளங்கிய சொல் குறைபாட்டின் பெயராயிற்று.

3. கொறங்காடும் கிடையும்

கொங்குநாட்டில் காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களில் நிலவும் கொறங்காடு மற்றொரு தீர்வு. முள்கிளுவை உயிர்வேலி சூழ்ந்த இம்மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் தரையிலும் வெள்வேல மரங்கள் மேலும் அமைகின்றன. புல் ஓய்ந்த கோடையில் வெள்வேலங்காய்கள் ஆடுகளுக்குத் தீவனமாகின்றன. நிலத்தைப் பகுதிகளாகப் பிரித்து மாற்றி மாற்றி மேய்ப்பதால் புல் மீள்கிறது.

தனி நிலமற்ற ஆயர்க்கு இடப்பெயர்ச்சியே வழி. இராமநாதபுரம் பகுதி மந்தைகள், பெரும்பாலும் செம்மறியாடுகள், அறுவடைக்குப் பின் காவிரிப் படுகைக்குச் சென்றன. வயலில் கிடை மறித்து எரு அளித்து, ஈடாக நெல்லோ பணமோ பெற்றன. மழையற்ற நிலத்தின் மந்தையும் பாசன நிலத்தின் மண்ணும் ஒன்றையொன்று தாங்கிய ஏற்பாடு இது.

4. வனச்சட்டமும் மேய்ச்சலும்

தாது ஆண்டுப் பஞ்சம் (1876–78) தணிந்த சில ஆண்டுகளில், 1882-இல் சென்னை வனச்சட்டம் இயற்றப்பட்டது. பொது மேய்ச்சலுக்குப் பயன்பட்ட குன்றுகளும் புதர்க்காடுகளும் ஒதுக்குக்காடுகளாயின. அவற்றில் அனுமதியின்றி மேய்ப்பதும் கிளை வெட்டுவதும் குற்றங்களாயின. இளங்கன்றுகளைக் கறிக்கும் வெள்ளாட்டையே வன அதிகாரிகள் முதற்பகையாகக் கருதினர். இக்கருத்து அடிப்படையற்றதன்று, ஆடு ஓயாது மேயும் இடத்தில் கன்று மரமாவது அரிது. ஆயினும் மேய்ச்சல் பரப்பு சுருங்கியபோது எஞ்சிய நிலத்தின் மீது நெருக்கடி கூடியது என்பதும், அறாவெட்டு போன்ற நுட்பமும் சட்டத்தின் முன் வெறும் மரவெட்டாகவே நின்றது என்பதும் கருதத்தக்கன. வறட்சிக்கெனச் சேமித்த தழை, வறட்சியின்போதே எட்டாததாயிற்று.

இந்நோக்கு விடுதலைக்குப் பின்னும் தொடர்ந்தது. 1952-ஆம் ஆண்டுத் தேசிய வனக்கொள்கையும் வெள்ளாட்டு மேய்ச்சலைக் காட்டுக்குக் கேடாகவே கண்டது. 2022 மார்ச்சில் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடைசெய்த சென்னை உயர்நீதிமன்றம், பின்னர் அத்தடையைத் தேசியப் பூங்காக்கள், சரணாலயங்கள், புலிகள் காப்பகங்கள் என்னும் அளவிற்குச் சுருக்கியது.

முடிவுரை

வறட்சியில் ஆடுகளைக் காத்த தமிழக மரபு, மரத்தைக் கொல்லாது தழை கொள்ளல், நிலத்தை மாற்றி மேய்த்தல், எருவிற்கு ஈடாக இடம் பெறுதல் என்னும் மூன்றன் மீது நின்றது. இம்மூன்றும் மேய்ப்பவர்க்கு நிலத்தின் மீதிருந்த வழக்குரிமையைச் சார்ந்தவை. உரிமை நீங்கியபோது நுட்பமும் பொருளிழந்தது. எனவே காட்டின் அழிவுக்கு வெள்ளாட்டைக் காரணமாக்கும் ஆய்வுகள், அது மேய்ந்த நிலம் எப்போது, யாரால் சுருக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.